வெங்கலத்தின் சேணப்புண்

வட்டச்சுனையில் விலங்குகள் தங்கள் வலியை மனுஷர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியது, காபிப்பழம் களத்தில் கறுத்துக் காய்ந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் செவனாண்டி தன் குதிரை வெங்கலத்துக்குச் சேணம் போடக் கொட்டத்துக்குள் நுழைந்தபோது, மூன்று வாரமாக அதன் முதுகில் இருந்த உள்ளங்கை அகலப் புண்ணைக் காணவில்லை. தோல் புதுப்பானை மாதிரி வழவழவென்றிருந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி அங்கம்மா, "மாமா, முதுகுல என்னமோ ரவிக்கையோட ஒட்டிக்கிருச்சு, செத்த வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

அவன் போய்ப் பார்த்தான். அதே புண். அதே மாவிலை வடிவம், அதே இடப்பக்கச் சாய்வு, ஓரத்தில் வெங்கல நிறத்தில் இரண்டு மயிர்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி முதுகில் புண்ணைப் பார்க்கிற எந்தப் புருஷனும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, செவனாண்டி அதைக் கேட்கவில்லை.

"உங்கிட்டயா குடுத்துச்சு?" என்று கேட்டான்.

"விடிய கஞ்சித்தண்ணி வைக்கப் போனேன். தலையைத் தூக்கி எந்தோள்ல வச்சுச்சு. என்னைக்கும் வைக்கிறதுதான், இன்னைக்குக் கொஞ்சம் கனமா வச்சுச்சு. அம்புட்டுத்தான்" என்றாள் அங்கம்மா.

செவனாண்டி வெளியே வந்து வெங்கலத்தின் முன்னால் நின்றான். பன்னிரண்டு வருஷம். ஆறு மைல் இறக்கம், ஆறு மைல் ஏற்றம். கீழே போகும்போது காபியும் மிளகும் மலைவாழையும், மேலே வரும்போது அரிசியும் சீமெண்ணெயும் சிமெண்டும். மழையில் அதன் கூடவே நனைந்தவன் அவன், அட்டை கடித்தால் அதன் காலில் உப்புத் தடவியவன் அவன், சந்தையில் நாலு பேர் விலை கேட்டபோது தரமாட்டேன் என்று சொன்னவன் அவன். அங்கம்மா அந்தக் குதிரையோடு ஒரு நாள்கூட அடிவாரத்துக்கு நடந்ததில்லை. அவள் செய்ததெல்லாம் காலையில் ஒரு வாளி கஞ்சித்தண்ணி, சாயங்காலம் ஒரு வாளி கஞ்சித்தண்ணி, அதுவும் வீட்டில் மிஞ்சியது. இந்தக் குதிரை தன் முதுகில் இருந்த ஒரே சொந்தப் பொருளை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறது.

வெங்கலம் அவனைப் பார்க்காமல் புல்லை மென்றுகொண்டிருந்தது.

வட்டச்சுனைக்கு வண்டிப் பாதை கிடையாது. ஊருக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையும் முப்பது குதிரைகளில் ஏதோ ஒன்றின் முதுகில் ஏறித்தான் வரவேண்டும். பாதையின் சரிபாதியில், மனுஷர் மார்பு உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது, அங்கே குதிரைக்காரன் ஒவ்வொருவனும் நின்று, பொதியை இறக்கிக் கல்மேல் வைத்து, சேணத்தைத் தூக்கி, குதிரையின் முதுகெலும்பு நெடுகக் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏற்றவேண்டும் என்பது ஊர் முறை. யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் செய்தார்கள், செவனாண்டியைத் தவிர. இறக்கி ஏற்ற அரைமணி நேரம் ஆகும் என்று அவன் பல வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டு, அந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போகிற ஆளாகிவிட்டான். அதற்கென்றே ஒரு முடிச்சும் கண்டுபிடித்து வைத்திருந்தான், ஒரே இழுப்பில் விழும், ஊரில் யாருக்கும் போடத் தெரியாது. மற்றவர்கள் சாயங்காலம் மூன்று மணிக்கு வந்து சேரும்போது செவனாண்டி குளித்து, சாப்பிட்டு, வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருப்பான். வட்டச்சுனையில் அவனுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அங்கம்மாவின் முதுகை ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் பேச்சு நின்றுபோயிற்று, ஏனென்றால் மூன்றாம் நாள் மொக்கராசு தாடையைப் பிடித்துக்கொண்டு தவமணியின் டீக்கடைக்கு வந்தான். மொக்கராசு அங்கம்மாவின் அண்ணன், செவனாண்டிக்கு மச்சான். அவனிடம் இருபது வயது தாண்டிய ஒரு பெட்டைக் குதிரை இருந்தது, கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து ஆறு மாதமாகத் தீவனம் மெல்லாமல் இருந்தது, அன்று காலை அது கொள்ளைக் கடகடவென்று மென்று தின்கிறது, மொக்கராசுவால் ஒரு வறுக்கியைக் கடிக்க முடியவில்லை. "நனைச்சுத் தா தவமணி" என்று வறுக்கியை டீயில் முக்கித் தின்ற அவன் முகத்தில், பிள்ளை பிறந்த வீட்டுக்காரனின் களை இருந்தது.

பிறகு வரிசையாக வந்தது. ரேஷன் கடைக்காரருக்கு, கொம்பு முறிந்த பசுவின் வலி, கொம்பே இல்லாத நெற்றியில். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நாய்ச்சொறி, பாடம் நடத்தும்போது கரும்பலகையில் முதுகைத் தேய்த்துக்கொள்வார். எந்த விலங்கையும் தொட்டறியாதவர் என்று எல்லோரும் நினைத்திருந்த பெரிய வீட்டு அழகர்சாமிக்கு ஒரு காக்கையின் ஒடிந்த சிறகு வந்து, ஒரு மாதம் வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் சோறு தின்றார். தினமும் மத்தியானம் எச்சில் சோற்றைக் கூரைமேல் யாருக்கும் தெரியாமல் வைத்துவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவர் மனைவிக்கே தெரியும்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது, பனிக்கும் அட்டைக்கும் பழகிக்கொண்டதைப் போல. எதிரே வருகிறவரிடம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் போய், "இன்னைக்கு யாருது?" என்று கேட்கிற வழக்கம் வந்தது. "ஆட்டோட குளம்புவலி அத்தாச்சி, நேத்துலருந்து" என்று பதில் சொல்லி, சொன்னவள் ஒரு எட்டு கூடுதலாக நொண்டிக் காட்டிவிட்டுப் போவாள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் நிலபுலத்தைக் கேட்கும் முன் அவனுக்கு எந்த விலங்கின் வலி வந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றுவலியோடு மணவறையில் நெளிந்த ஒருவனைப் பார்த்து மாமியார்க்காரி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். அடிவாரத்திலிருந்து மாதம் ஒரு முறை ஏறி வருகிற கால்நடை டாக்டரம்மா, வெங்கலத்தின் வழவழப்பான முதுகையும் அங்கம்மாவின் முதுகையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் யோசித்து, தன் நோட்டைத் திறந்தாள்.

"குதிரைக்குன்னு எழுதித்தாம்மா களிம்பு குடுக்க முடியும். எங்க தடவுறதுங்கிறதை நோட்டுல கேக்கல" என்றாள்.

இத்தனைக்கும் நடுவில் செவனாண்டிக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் அவனுக்குத் தலைவலிகூட இல்லை, பல் ஒன்றும் ஆடவில்லை, மூட்டு ஒன்றும் பிடிக்கவில்லை. வட்டச்சுனையில் நோவில்லாமல் நிமிர்ந்து நடக்கிற ஒரே ஆண்பிள்ளையாக அவன் ஆகிப்போனான், அவன் நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்தால் ஜனங்கள் சட்டென்று பேச்சை மாற்றினார்கள்.

"உடம்பெல்லாம் எப்படிண்ணே இருக்கு?" என்று தவமணி ஒரு நாள் டீயை நீட்டியபடி கேட்டாள், அவள் குரலில் இரக்கம் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் செவனாண்டி, திருட்டை ஒப்புக்கொள்கிறவனைப் போல.

வீட்டில் இன்னும் மோசம். அங்கம்மா குப்புறப் படுத்தாள், ஒருக்களித்து உட்கார்ந்தாள், சுவரில் சாயாமல் சாப்பிட்டாள், ஆனால் முணுமுணுக்கவில்லை. சுனைக்குத் தண்ணீருக்குப் போகும்போது பெண்கள் அவளுக்கு வழிவிட்டு, "முதல்ல குடுத்தது அங்கம்மாகிட்டத்தான்" என்று புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குக் காட்டினார்கள். அவள் முகத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது, ரகசியம் சொல்லப்பட்டவர்களின் முகத்தில் வருமே, அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் செவனாண்டியின் அடிவயிற்றில் ஒரு கங்கு புரண்டது. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் இன்னொருத்தனைப் பார்த்துச் சிரித்திருந்தாலும் அவனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அதைவிட, அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் திரும்பி வந்து கால் கழுவும்போது, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல் சொல்வாள்: "இன்னைக்கும் சுமைதாங்கியில நிக்கல." சொல்வாள்: "வழுக்குப்பாறை வளைவுல குச்சியால ரெண்டு அடி வச்சீங்க." சொல்வாள்: "வலது மூட்டை கனம் ஜாஸ்தி." மலைப்பாதையில் தானும் தன் குதிரையும் மட்டுமாக இருந்த அந்த ஆறு மைல், அவனுக்கென்று இருந்த அந்த ஒரே தனிமை, இப்போது அவள் முதுகில் எழுதப்பட்டு அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அவன் வெங்கலத்தைக் கொஞ்ச ஆரம்பித்தான். கருப்பட்டி வாங்கிவந்தான், அது தின்றது. பிடரியைச் சீவினான், அது கழுத்தை நீட்டிக் காட்டியது. கழுத்துக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டினான், அது தலையை ஆட்டி ஒலி கேட்டது. தோளைக் கொண்டுபோய் அதன் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அது மரியாதையாகத் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. நாலு நாள் கழித்து அவன் தன் தகுதியைக் குறைத்துக்கொண்டு தெருநாய்க்குப் பொறை போட்டான், அடுத்த வீட்டுப் பூனைக்குப் பால் வைத்தான், ஒரு மத்தியானம் சுவரில் வாலறுந்து கிடந்த பல்லியின் முன்னால் நின்று யாரும் பார்க்காதபோது கையை நீட்டினான். பல்லி உத்திரத்துக்கு ஓடிவிட்டது.

பங்குனியில் அவன் பொய் சொன்னான். கட்டில் கயிற்றை எடுத்துத் தன் முதுகிலேயே குறுக்காகப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து உராய்ந்து, தோல் கிழிந்து ரத்தம் கசியும் வரை தேய்த்து, மறுநாள் சட்டை போடாமல் தவமணியின் கடைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"அட, செவனாண்டிக்கும் வந்துருச்சேய்யா!" என்றார் ரேஷன் கடைக்காரர் நெற்றியைப் பிடித்தபடி.

"வெங்கலந்தான் குடுத்துச்சு" என்றான் செவனாண்டி, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு. "நேத்து, சுமைதாங்கிக்கிட்ட. திடீர்னு குடுத்துருச்சு."

மொக்கராசு வந்து பின்னால் நின்றான். குனிந்து பார்த்தான். தாடை வலியால் அவனுக்கு வாய் முழுசாகத் திறக்காது, அதனால் மெதுவாகப் பேசினான்.

"மாப்ள, இது இடுப்புக்கிட்ட இருக்கு."

"இருந்தா?"

"குதிரைக்கு அங்கிட்டுச் சேணமே வராதுய்யா. எம்புட்டு மேல உக்காரும் சேணம்! பன்னெண்டு வருஷமா சேணம் போடுற, அது எந்த இடத்துல உக்காருதுன்னுகூட உனக்குத் தெரியலையே." அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். "அதுவும் இல்லாம, இந்த வரி கட்டில் கயித்து வரி. என் கட்டிலும் அதே கயிறுதான்."

கடை சிரித்தது. ஆட்டுக் குளம்புவலிக்காரி சிரித்தாள், நாய்ச்சொறிக்காரர் தூணில் தேய்த்துக்கொண்டே சிரித்தார், சிரித்தால் பல் வலிக்கும் என்பதால் மொக்கராசு மட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரிச் சிரித்தான். செவனாண்டி எழுந்து, தன் முதுகில் தன் புண்ணே எரிய, வீட்டுக்குப் போனான். வழியில் ஒருவர்கூட "இன்னைக்கு யாருது?" என்று கேட்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பொறாமையில் வருகிற யோசனைகள் எல்லாம் வரும்போது நியாயமாகத்தான் இருக்கும். அங்கம்மா ஒரு குடம் என்று வைத்துக்கொள்வோம் என்று அவன் நினைத்தான். குடத்துக்கு ஒரு அளவு உண்டு. குதிரையின் வலி அவள் கொள்கிற அளவுக்குள் இருப்பதால்தான் அவளிடமே போய்க்கொண்டிருக்கிறது. குடம் நிறைந்துவிட்டால் மிச்சம் வழியத்தானே வேண்டும்? வழிந்தால், பக்கத்திலேயே நடந்து வருகிறவன்மேல்தானே வழியும்?

சித்திரை பிறந்த வாரம் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு அடிவாரத்தில் சிமெண்டு வந்து இறங்கியிருந்தது. குதிரைக்குப் பக்கத்துக்கு ஒரு மூட்டை, மொத்தம் இரண்டு, அதற்கு மேல் ஏற்றுவதில்லை. செவனாண்டி இரண்டை ஏற்றித் தன் முடிச்சைப் போட்டான். பிறகு மூன்றாவதைத் தூக்கி நடுவில், முதுகெலும்புக்கு நேர்மேலே வைத்து, இன்னொரு முடிச்சுப் போட்டான். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் "ஏண்ணே, உசுரு இல்லையா அதுக்கு?" என்று கேட்டான்.

"அதுக்கு வலிக்காதுப்பா" என்றான் செவனாண்டி. அது உண்மையும்தான்.

வெங்கலம் நடந்தது. அதன் காது முன்னால் விடைத்து நின்றது, மணி ஒலித்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியதே தவிர முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, கல்யாண ஊர்வலத்தில் போகிற குதிரை மாதிரி நூற்றைம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு அது நடந்தது. செவனாண்டி பக்கத்திலேயே நடந்தான், தன் உடம்புக்குக் காது கொடுத்துக்கொண்டு. தோள்பட்டையில் ஏதாவது? இல்லை. இடுப்பில்? இல்லை. முதல் மைல், இரண்டாம் மைல், சுமைதாங்கி, அதைத் தாண்டினான், வழுக்குப்பாறை வளைவு, அங்கே வெங்கலத்தின் முன்னங்கால் ஒரு முறை மடிந்து நிமிர்ந்தது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு வழியவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது அவன் வாசலில் கூட்டம் நின்றது. சுனைப்படியில் குடத்தோடு விழுந்துவிட்ட அங்கம்மாவை நாலு பெண்கள் சேலையை விரித்துத் தூக்கிவந்திருந்தார்கள். மொக்கராசு வாசலில் நின்றான். அவன் செவனாண்டியை அடிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் அடிக்கவில்லை. நேராகக் குதிரையிடம் போய், முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அரிவாளால் கயிற்றை அறுத்து, மூன்று மூட்டையையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். கடைசி மூட்டை இறங்கியதும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"மூணு மூட்டைன்னு அவ எப்பயோ சொல்லிட்டா. மூணாவது ஏறுறப்பவே சொல்லிட்டா" என்றான் மொக்கராசு. "உள்ள போ மாப்ள."

அங்கம்மா பாயில் குப்புறக் கிடந்தாள். பெண்கள் வெளியே போனார்கள். டாக்டரம்மா கொடுத்த களிம்பு டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. அவன் விரலில் எடுத்துத் தடவப் போனான். இத்தனை மாதத்தில் முதல் முறை. அதுவரை பக்கத்து வீட்டுக்காரிதான் தடவினாள், அவன் அந்தப் புண்ணைப் பார்க்கவே பிடிக்காமல் எழுந்து போய்விடுவான்.

"அங்க இல்ல மாமா. கொஞ்சம் கீழ. இடப்பக்கம். அங்க. அங்கதான் உங்க முடிச்சு உக்காருது" என்றாள் அவள், பாயில் அமுங்கிய குரலில்.

அவன் விரல் அங்கே போய் நின்றது. புண்ணின் நடுவில் எலும்புவரை இறங்கிய ஒரு குழி. அந்தக் குழியின் வளைவு அவன் விரலுக்குத் தெரிந்தது. ஒரு சுற்று, உள்வாங்கி ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. ஊரில் வேறு யாருக்கும் போடத் தெரியாத முடிச்சு, பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் அவன் கையால் போட்டது, அச்சு வார்த்தது போல அவள் முதுகில் இருந்தது. குதிரை தன்னுடையது என்று எதை அவளிடம் கொடுத்ததோ, அது முழுக்க அவனுடையதாக இருந்தது.

இதற்குப் பிறகு செவனாண்டி மனம் திருந்தினான் என்றுதான் வட்டச்சுனையில் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. அவன் அன்று சாயங்காலமே சேணத்து மெத்தையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததற்குக் காரணம், அவன் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாதது, அந்தப் புண் இனி அவளிடம் இருக்கக் கூடாது என்பதுதான். தனக்குக் கிடைக்காத ஒன்றை அவள் வைத்திருக்கக் கூடாது. வெங்கலத்தின் முதுகில் சேணம் உறுத்தாமல் போனால் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது, வாங்கிக்கொள்ள அவளிடமும் ஒன்றும் இருக்காது, அப்போது எல்லோரும் ஒன்றுதான். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவன் பழைய நாரை உதறிப் புது நார் அடைத்தான், முதுகெலும்பு வருகிற இடத்தில் மெத்தையை இரண்டாகப் பிளந்து நடுவே காற்றுப் போக வழிவிட்டுத் தைத்தான், முடிச்சை மறந்து, எல்லோரும் போடுகிற பக்கக்கட்டுப் போட மொக்கராசுவிடம் கேட்டுக்கொண்டான். மூன்று வாரம் வெங்கலத்தின்மேல் ஒரு துரும்பும் ஏற்றாமல், ஊருக்கு வந்த சிமெண்டைத் தலைச்சுமையாகத் தானே நாலில் ஒரு பங்கு மூட்டையாகச் சுமந்து ஏறினான், வெங்கலம் வெறும் முதுகோடு அவன் பின்னால் வந்தது. சுமைதாங்கியில் அவனே நின்றான், நிற்காமல் முடியவில்லை. தன் பாரத்தை அந்தக் கல்மேல் இறக்கியபோது, பன்னிரண்டு வருஷமாகத் தாண்டிப் போன அந்த இடத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று அவனுக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

பொதி ஏற்றத் தொடங்கிய பிறகும் அவன் நின்றான். சேணத்தைத் தூக்கி, முதுகெலும்பு நெடுகக் கையை விட்டுத் தடவினான், முதலில் சோதனை போடுகிறவனைப் போல, சேணம் இன்னும் எங்காவது உறுத்துகிறதா என்று. ஆனால் ஒரு வேலையைத் தினமும் கை செய்துகொண்டே வந்தால், எதற்காக ஆரம்பித்தோம் என்பது கைக்கு மறந்துபோகும். வைகாசி முடிவதற்குள் அவன் கைக்கு வெங்கலத்தின் முதுகு தெரிந்துவிட்டது: எந்த இடத்தில் தடவினால் தோல் சிலிர்க்கும், எந்த இடத்தில் கண் சொருகும், எங்கே வேர்வை உப்பாகக் காய்ந்து அரிக்கும் என்பதெல்லாம். வளைவில் அடிக்க ஓங்கிய குச்சியால் ஒரு நாள் தன் முதுகையே சொறிந்துகொண்டு, அதைப் பள்ளத்தில் எறிந்தான். மூன்று மணிக்குத்தான் ஊருக்கு வந்து சேர்ந்தான், சில நாள் எல்லோருக்கும் கடைசியாக.

அங்கம்மாவின் புண் ஆறி, பொருக்கு உதிர்ந்தது. அன்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஊர் அவளுக்குச் சுனையில் வழிவிடுவது நின்றுபோயிற்று. சில நேரம் அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தேடித் தொடுவதைச் செவனாண்டி பார்த்தான். சந்தோஷப்பட்டான். அவ்வளவு சந்தோஷமாகவும் இல்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. அரிசி ஏற்றிக்கொண்டு வெங்கலமும் அவனும் சுமைதாங்கியைத் தாண்டி அரை மைல் வந்திருப்பார்கள், பாதையில் முன்னும் பின்னும் யாரும் இல்லை, செவனாண்டியின் வலது குதிகாலில் சுரீரென்று ஒன்று குத்தியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. பாதத்தைத் துடைத்துப் பார்த்தான், முள் இல்லை, கீறல் இல்லை. இன்னும் ஒரு அடி வைத்தான், குத்தியது. நிமிர்ந்தபோது வெங்கலம் நின்று, கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. எதுவும் கேட்கிற பார்வை இல்லை அது.

அவனுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. வந்துவிட்டது. தோளில் தலைகூட வைக்காமல், கனமும் காட்டாமல், நடந்துகொண்டே, போகிற போக்கில் கொடுத்துவிட்டது. அவன் சிரித்தான். நடந்தான். குத்தியது, சிரித்தான், நடந்தான். இன்னும் இரண்டரை மைல் இருக்கிறது. இப்படியே ஏறி, இப்படியே நொண்டி, தவமணியின் கடை வழியாகப் போகலாம், வேண்டுமென்றே மெதுவாகப் போகலாம், மொக்கராசு இருப்பான், ரேஷன் கடைக்காரர் இருப்பார், "இன்னைக்கு யாருது மாப்ள?" என்று கேட்டே ஆகவேண்டும். பிறகு வீட்டு வாசலில், அங்கம்மா.

இருபது அடி நடந்திருப்பான். இருபத்தோராவது அடியில் அவன் வெங்கலத்தின் காலைப் பார்த்தான். வலது பின்னங்கால். அது நொண்டவில்லை. நொண்டக் காரணம் இல்லை, வலிதான் அதனிடம் இல்லையே. பொதியோடு தன் முழுக் கனத்தையும் அந்தக் குளம்பில் இறக்கி, அழுத்தமாக, நம்பிக்கையாக ஊன்றி நடந்தது. ஊன்ற ஊன்ற, உள்ளே இருப்பது இன்னும் ஆழமாகப் போகும். மூன்று மூட்டையைச் சுமந்தபோதும் அது இப்படித்தான் நடந்தது, காது விடைக்க, கல்யாணத்துக்குப் போவது போல.

செவனாண்டி நின்றான். ரொம்ப நேரம் நின்றான் என்று சொல்லவேண்டும். அவனுக்கு அது சுலபமாக இல்லை. பிறகு பொதியை அவிழ்த்து ஈரப்பாறைமேல் இறக்கினான், குனிந்து, குளம்பைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது, புளியங்கொட்டை அளவு. மடியிலிருந்த சின்னக் கத்தியால் நெம்பினான். கல் கையில் விழுந்த அதே கணம் குதிகால் வலி, விளக்கை ஊதி அணைத்தது போலப் போய்விட்டது. காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மறுபடி ஊன்றிப் பார்த்தான்.

கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தான். கல்லைக் காட்டினால் கல் என்றுதான் சொல்வார்கள். பள்ளத்தில் எறிந்தான், அது விழுகிற சத்தம் கேட்கிறவரை நின்றான், பொதியை ஏற்றிக் கட்டினான். தவமணியின் கடையை நிமிர்ந்து நடந்து தாண்டினான். "உடம்பெல்லாம் எப்படிண்ணே?" என்று தவமணி கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அங்கம்மா கஞ்சித்தண்ணி வாளியோடு வாசலில் நின்றாள்.

"ஏன் மாமா இம்புட்டு நேரம்?"

"குளம்புல கல்லு. எடுத்தேன்."

"எந்தக் கால்ல?"

"வலது பின்னங்கால்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். தன் வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றிப் பார்த்தாள். வெங்கலத்தைப் பார்த்தாள், அது வாளிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். "மத்தியானம் பூரா இங்கனதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஒண்ணுமே தெரியலையே. கல்லு இருக்குன்னு உங்களுக்கு எப்படி..."

செவனாண்டி வெங்கலத்தின் கழுத்தில் ஈரத்தைத் துணியால் ஒற்றினான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்ககிட்டயா குடுத்துச்சு?" என்று கேட்டாள்.

வலிச்சதா என்று அவள் கேட்கவில்லை. அவள் உதடு இறுகியிருந்தது, கண் சுருங்கியிருந்தது, கன்னத்தில் ஏதோ ஒன்று கங்கு மாதிரிப் புரண்டு அடங்கியது. செவனாண்டிக்கு அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு அடையாளம் தெரிந்தது. ஆறு மாதமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொட்டத்துத் தூணில் மாட்டிய கண்ணாடியில் அவன் சவரம் செய்துவந்த முகம் அது.